விமானங்களின் வருகைப் பதிவேடு

பள்ளியில் காலை மணி அடித்ததும் ஆசிரியர் முதன்முதல் செய்யும் வேலை வருகைப் பதிவேட்டைத் திறப்பதாகும். ஒவ்வொரு மாணவனுக்கும் ஏட்டில் ஓர் எண் உண்டு. எண்ணுக்கு நேரே அவன் வந்தானா, வரவில்லையா என்பதற்கு ஒரு குறி உண்டு. நாற்பது பேர் கொண்ட வகுப்பில் முப்பத்தொன்பது பேர் வந்திருந்தால், "ஏறக்குறைய அனைவரும் வந்துள்ளனர்" என்று எந்த ஆசிரியரும் எழுதுவதில்லை. வராதவன் யார், எங்கே இருக்கிறான் என்பதை அறிய முயல்வதும் அவர் கடமையே. பல்லாண்டு இவ்வேட்டைக் கையாண்டவன் நான். இதே ஒழுங்கு வானில் பறக்கும் படை விமானங்களுக்கும் உண்டு என்பதை இன்று மாணவ நண்பர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

பணியில் இருக்கும் விமானம் எங்கே? ஓய்வு பெற்ற விமானம் எங்கே? காணாமற்போன விமானம் எங்கே? இம்மூன்று வினாக்களுக்கும் விடை தேடி எழுதி வைப்பது இன்று உலகெங்கும் பலர் விரும்பிச் செய்யும் ஆராய்ச்சியாக வளர்ந்துள்ளது. இது வெறும் பொழுதுபோக்கு என்று சிலர் கருதலாம். அவ்வாறன்று என்பதை நம் வங்கக் கடலில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சியே மெய்ப்பித்துள்ளது. அதற்கு வருமுன், விமானத்தை எவ்வாறு இனங்காண்கிறார்கள் என்பதைச் சிறிது பார்ப்போம்.

மோட்டார் வண்டிக்குப் பதிவு எண் இருப்பது போலவே ஒவ்வொரு படை விமானத்துக்கும் ஒரு வரிசை எண் உண்டு. அது வாலிலோ உடற்பகுதியிலோ எழுதப்பட்டிருக்கும். நம் நாட்டில் எண்ணுக்கு முன் வரும் எழுத்துகள் பொருள் பொதிந்தவை. 'ஐ.இ.' என்று தொடங்கினால் அது நாட் என்னும் சிறிய போர் விமானம், 'பி.ஏ.' எனில் ஹண்டர், 'எச்.இ.' எனில் லிபரேட்டர் என்னும் பெரிய குண்டுவீச்சு விமானம், 'எஸ்.பி.' எனில் சுகோய்-30. போக்குவரத்து விமானங்கள் சிலவற்றுக்குக் 'கே' என்ற ஓர் எழுத்து மட்டுமே முன்னிற்கும். கடற்படை விமானங்கள் 'ஐ.என்.' என்றும், கடலோரக் காவற்படை விமானங்கள் 'சி.ஜி.' என்றும் தொடங்கும். எழுத்து இனத்தைக் காட்டும். எண் அந்த இனத்துள் ஒரு தனி விமானத்தைக் காட்டும். விமானம் ஊர் மாறலாம். ஓர் அணியை விட்டு வேறோர் அணியில் சேரலாம். வண்ணம் மாறிப் பூசப்படலாம். எண் தெரிந்தால் அதன் வரலாற்றைத் தொடர்ந்து செல்ல முடியும்.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவேன். இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது, அமெரிக்காவில் கட்டப்பட்டுப் பிரிட்டிஷ் விமானப்படையிடம் இருந்த லிபரேட்டர் விமானங்கள் பல கான்பூரில் குவிந்து கிடந்தன. மீண்டும் பறக்கக் கூடாது என்பதற்காக அவற்றை வேண்டுமென்றே சிதைத்து விட்டுச் சென்றனர். விடுதலைக்குப் பின், 1948-ஆம் ஆண்டில், பெங்களூர் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையினர் அக்குவியலுள் புகுந்து, ஒன்றில் இல்லாத உறுப்பை மற்றொன்றிலிருந்து எடுத்துப் பொருத்தி, நாற்பது விமானங்கள் வரை உயிர்ப்பித்தனர். குப்பையென்று தள்ளப்பட்ட அவ்விமானங்கள் 1968 வரை இந்திய விமானப்படையில் பறந்தன. கடலைக் கண்காணிக்கும் பணியையும் செய்தன.

அவை இப்போது எங்கே? எண்களைப் பின்பற்றிச் சென்றால் விடை கிடைக்கும். எச்.இ.924 டில்லி பாலத்திலுள்ள விமானப்படைப் பொருட்காட்சிசாலைக்கு உரியது. எச்.இ.807 என்பது 1974-இல் பிரிட்டனின் அரச விமானப்படைப் பொருட்காட்சிசாலைக்கு அளிக்கப்பட்டது. இது பிரிட்டிஷார் வசம் இருந்த காலத்தில் கே.என்.751 என்ற எண்ணைப் பெற்று, 1945-இல் இந்தியப் பெருங்கடலின் கோகோஸ் தீவிலிருந்து பறந்ததாகும். எச்.இ.773 கானடாவுக்கும், எச்.இ.771, எச்.இ.877 ஆகியவை அமெரிக்காவுக்கும் சென்றன. பல்லாயிரக்கணக்கில் கட்டப்பட்ட லிபரேட்டர்களுள் இன்று முழு உருவுடன் எஞ்சியிருப்பவை மிகச் சிலவே. அச்சிலவற்றுள்ளும் பல, இந்தியத் தொழிலாளர் கைகளால் பிழைத்தவை என்பது நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தி. ஆயின் ஒவ்வொரு எண்ணையும் யாரோ ஒருவர் பொறுமையாகக் குறித்து வைத்திராவிடில் இச்செய்தி நமக்கு எட்டியிராது.

வேறு சிலவற்றையும் காண்போம். ஐ.இ.1083 என்னும் நாட் விமானம் 1965-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 3-ஆம் நாள் போரின்போது பாகிஸ்தானிலுள்ள பஸ்ரூரில் இறங்கிப் பிடிபட்டது. அது இப்போது கராச்சியில் அந்நாட்டு விமானப்படையின் பொருட்காட்சிசாலையில் நிற்கிறது. ஜெர்மானிய வல்லுநர் குர்ட் டாங்க் தலைமையில் பெங்களூரில் உருவாகி, 1961-இல் முதன்முதல் பறந்த மாருத் விமானங்களுள் ஒன்று பெங்களூர் விசுவேசுவரய்யா பொருட்காட்சிசாலையிலும், மற்றொன்று ஜெர்மனியில் மியூனிக் நகருக்கு அருகிலும் உள்ளன. அரக்கோணத்தில் ராஜாளி என்னும் கடற்படை விமானத்தளம் 1992-இல் தொடங்கப்பட்டது. அங்கிருந்து கால் நூற்றாண்டுக் காலம் பறந்த டுபோலெவ்-142 விமானங்கள் 2017 மார்ச்சில் ஓய்வு பெற்றன. அவற்றுள் ஒன்றை விசாகப்பட்டினக் கடற்கரையில் எவரும் ஏறிப் பார்க்கலாம். 1963-இல் வந்து சேர்ந்த மிக்-21 இனம் 2025 செப்டம்பர் 26-இல் சண்டிகரில் விடைபெற்றது. இனி அவ்வினத்தைப் பீடத்தின் மேல்தான் நம் நாட்டில் காண இயலும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் கூற வேண்டும். எழுதியுள்ள எண்ணை அப்படியே நம்பிவிடலாகாது. 1947 அக்டோபர் 27-இல் நம் படைவீரர்களை ஏற்றிக்கொண்டு ஸ்ரீநகரில் முதலில் இறங்கிய டகோட்டா விமானத்தின் எண் வி.பி.905. இங்கிலாந்தில் சீர்செய்யப்பட்டு 2018-இல் நம் விமானப்படையிடம் சேர்ந்த ஒரு டகோட்டாவும் அதே எண்ணைத் தாங்கியுள்ளது. அது முன்னதன் நினைவுக்காக இடப்பட்ட எண்ணேயன்றி, ஸ்ரீநகரில் இறங்கிய விமானம் அதுவன்று. ஆகவே ஆராய்ச்சியாளர் வண்ணத்தால் எழுதிய எண்ணோடு நில்லாமல், தொழிற்சாலையில் உள்ளே பொறித்த தகட்டையும் தேடிப் பார்ப்பர். ஒரு சான்றை மற்றொரு சான்றோடு ஒப்பிடாமல் முடிவு கூறலாகாது என்னும் வரலாற்று நெறி இங்கும் பொருந்தும்.

பறக்காத விமானத்தால் பயன் என்ன என்று கேட்பாரும் உளர். சென்னைக் குரோம்பேட்டையில் 1949-இல் தொடங்கிய தொழில்நுட்பக் கல்லூரியில், பணி முடிந்த இரண்டு விமானங்களை மாணவர் கற்பதற்காக நிறுத்தி வைத்திருந்தனர். 1950-களில் அங்குப் பயின்ற இராமேசுவரத்து இளைஞர் ஒருவர் அவற்றின் அருகே நெடுநேரம் அமர்ந்திருப்பார். விமானப் பொறியியலைச் சிறப்புப் பாடமாகத் தாம் தேர்ந்துகொண்டதற்கு அவ்விமானங்களின் பால் ஏற்பட்ட ஈர்ப்பைத் தம் வாழ்க்கை வரலாற்றில் குறிப்பிட்டுள்ளார். அவர்தாம் பின்னர்க் குடியரசுத் தலைவராக விளங்கிய அப்துல் கலாம்.

இனி, வானில் இருக்கும் விமானத்தின் இருப்பிடம் எவ்வாறு தெரிகிறது என்று காண்போம். நம் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் இதற்குப் பழைய பாடம் ஒன்று உண்டு. சிப்பி விளையும் பார் கடலுக்கடியில் இருப்பது. மேலிருந்து நோக்கினால் எங்கும் ஒரே நீர்ப்பரப்பு. பார் இருக்கும் இடத்தைக் கடலோடிகள் எவ்வாறு கண்டனர்? கரையிலுள்ள கோயிற் கோபுரம் ஒன்றும் அதற்குப் பின்னேயுள்ள மரக்கூட்டமோ மேடோ ஒன்றும் ஒரே நேர்கோட்டில் வரும்படி ஓடத்தை நிறுத்துவர். கரையின் வேறொரு பக்கத்தில் அதே போன்று மற்றோர் இணையைப் பார்ப்பர். இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் புள்ளியே பார். திருச்செந்தூர்க் கோபுரமும் மணப்பாட்டுக் குன்றின் மேலுள்ள சிலுவைக் கோயிலும் தொழுவார்க்குத் தெய்வ நிலையங்கள். கடலில் இருப்பார்க்குத் திசையும் இடமும் காட்டும் குறிகளுமாம்.

ராடார் என்னும் கருவி இக்கணக்கையே வேறு வழியிற் செய்கிறது. அது வானொலி அலைத் துடிப்பை வெளியே அனுப்புகிறது. விமானத்தில் மோதிய அலை எதிரொலி போல் திரும்புகிறது. எத்திசையிலிருந்து திரும்பியது என்பதால் திசையும், திரும்ப எவ்வளவு நேரமாயிற்று என்பதால் தொலைவும் தெரியும். திசையும் தொலைவும் தெரிந்தால் இடம் தெரிந்துவிடும். விமானத்திலுள்ள மறுமொழிக் கருவி ராடாரின் வினாவுக்குத் தன் அடையாளத்தையும் உயரத்தையும் விடையாக அனுப்பும். பயணிகள் விமானங்கள் இக்காலத்தில் தம் இருப்பிடத்தைத் தாமே இடைவிடாது ஒலிபரப்பவும் செய்கின்றன. படை விமானங்களோ பகைவர் அறியாதிருக்கும் பொருட்டு அவ்வொலிபரப்பை நிறுத்திக்கொள்வதும் உண்டு.

ராடாருக்கு ஓர் எல்லை உண்டு. பூமி உருண்டையானது, அவ்வலைகளோ பெரும்பாலும் நேராகச் செல்பவை. ஆகவே 23,000 அடி உயரத்தில் பறக்கும் விமானத்தைக் கரையிலுள்ள ராடார் ஏறக்குறைய 180 கடல் மைல் வரை காண இயலும். அவ்விமானம் 1,000 அடிக்கு இறங்கிவிட்டால் 40 கடல் மைலுக்கு அப்பால் அது தொடுவானத்துக்குக் கீழே மறைந்துவிடும். கடலுள் விழுந்தாலோ, உப்புநீரை வானொலி அலை ஊடுருவாது. அங்கே செல்லக்கூடியது ஒலி ஒன்றே.

இவ்விரு எல்லைகளையும் நமக்கு உணர்த்திய துயர நிகழ்ச்சிகள் நம் கரைக்கு அப்பாலேயே நடந்தன. 2015 ஜூன் 8-இல் கடலோரக் காவற்படையின் சி.ஜி.791 என்னும் டோர்னியர் விமானம் மூவருடன் சோழமண்டலக் கடலில் காணாமற்போயிற்று. அதில் நீரினுள் ஒலிக்கும் குறிகாட்டி ஒன்று இருந்தது. இத்தகைய கருவி நீர் பட்டதும் தானே இயங்கத் தொடங்கி, விநாடிக்கு ஒருமுறையாக, மின்கலம் தீரும்வரை சில வாரங்கள் ஒலிக்கும். சிந்துத்வஜ் என்னும் நம் நீர்மூழ்கிக் கப்பல் அவ்வொலியைக் கேட்டது. ஜூலை 10-ஆம் நாளளவில், கடலூருக்கு அப்பால் ஏறக்குறைய 1,000 மீட்டர் ஆழத்தில் பறப்புப் பதிவுக் கருவியும் உடைந்த பகுதிகளும் கண்டெடுக்கப்பட்டன. ஒரு திங்களுக்குச் சற்று மிகுந்த காலத்தில் விடை கிடைத்துவிட்டது.

அடுத்த ஆண்டு நிகழ்ந்தது இதனினும் கொடியது. 2016 ஜூலை 22-ஆம் நாள் காலை எட்டரை மணியளவில் தாம்பரத்திலிருந்து கே-2743 என்னும் அன்தோனவ்-32 விமானம் அந்தமானிலுள்ள போர்ட் பிளேரை நோக்கிப் புறப்பட்டது. முப்படையினரும் கடலோரக் காவற்படையினரும் பாதுகாப்புத் துறையின் சிவில் ஊழியருமாக 29 பேர் அதில் இருந்தனர். 8.46-க்குப் பிறகு விமானியின் குரல் கேட்கவில்லை. 9.12 மணியளவில், சென்னைக்குக் கிழக்கே ஏறக்குறைய 150 கடல் மைல் தொலைவில், இடப்புறம் திரும்பி விரைந்து உயரம் இழந்தது ராடாரில் தெரிந்தது; அதன் பின் ஒன்றும் தெரியவில்லை.

கப்பல்களும் விமானங்களும் நீர்மூழ்கியும் தேடின. கடலடி ஆராய்ச்சிக் கப்பல்களான சாகர் நிதியும் சமுத்திர ரத்னாகரும் வரவழைக்கப்பட்டன. அவ்விமானத்தில் இருந்த அவசரக் குறி அனுப்பும் கருவிகள் நீருக்கு மேலே பயன்படத்தக்கவை. கடலடியிலிருந்து ஒலிக்கும் வகையைச் சேர்ந்தவை அல்ல. ஆகவே கேட்பதற்கு ஒலி இல்லை. மிதக்கும் துண்டு ஒன்றும் அகப்படவில்லை. செப்டம்பர்த் திங்களில், 29 பேரும் இறந்ததாகக் கொள்ளப்படுவர் என்று குடும்பத்தினருக்குத் தெரிவிக்கப்பட்டது.

மாணவர்களே, "இறந்தார்" என்பதற்கும் "இறந்ததாகக் கொள்ளப்படுவார்" என்பதற்கும் உள்ள வேற்றுமையை எண்ணிப் பாருங்கள். கடலுக்குச் சென்றவர் திரும்பாத வீட்டின் நிலை நம் கடற்கரையினருக்கு விளக்க வேண்டுவதன்று. விளக்கேற்றலாமா, திதி கொடுக்கலாமா, வாயிலை நோக்கியிருப்பதை விட்டுவிடலாமா என்பது விளங்காமல் அவ்வீட்டார் ஆண்டுகளைக் கழிப்பர். ஏழாண்டுக் காலம் செய்தியற்றவரை இறந்தவராகக் கருதலாம் என்பது நம் சான்றுச் சட்டத்தின் பொதுவிதி. அவ்விதி வழக்குமன்றத்துக்குப் போதும். தாய் மனத்துக்குப் போதாது.

ஏழரை ஆண்டுகள் கழிந்தன. சென்னையிலுள்ள தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம், ஆளின்றித் தானே இயங்கும் கடலடி ஊர்தி ஒன்றை அவ்விமானம் கடைசியாக அறியப்பட்ட பகுதிக்கு அனுப்பியது. அது 3,400 மீட்டர் ஆழத்தில் சோனார் என்னும் ஒலிக்கருவியால் கடலடியைத் துழாவி, நுட்பமான நிழற்படங்களையும் எடுத்தது. தொட்டபெட்டாச் சிகரத்தின் உயரம் 2,637 மீட்டர்; அதனை அங்கே இறக்கினால் முழுவதும் மூழ்கி, மேலும் 700 மீட்டருக்கு மேல் நீர் நிற்கும். நம் சலாபத்தார் மூச்சடக்கிக் குளித்தது பத்துப் பாகம் அளவான ஆழத்தில். இதுவோ 1,850 பாகத்துக்கும் மேல். அங்கே, சென்னைக் கரையிலிருந்து ஏறக்குறைய 140 கடல் மைல் தொலைவில், உடைந்த விமானம் ஒன்றின் பகுதிகள் படத்தில் தெரிந்தன.

அவை எந்த விமானத்தினுடையவை? நம் பேச்சின் மையம் இவ்வினாவே. 2024 ஜனவரி 12-இல் பாதுகாப்பு அமைச்சகம் வெளியிட்ட அறிவிப்பு இரண்டு காரணங்களைக் காட்டிற்று. முதலாவது, படத்தில் கண்ட பகுதிகள் அன்தோனவ்-32 இனத்தோடு ஒத்திருந்தன. இரண்டாவது, அப்பகுதியில் வேறு எந்த விமானமும் காணாமற்போனதாகப் பதிவு இல்லை. ஆகவே அவை கே-2743-இன் பகுதிகளாக இருக்கலாம் என்று அமைச்சகம் கூறியது. கருவி கண்டது உடைந்த உலோகத்தை. அதற்கு உரிய பெயரைத் தந்ததில் பதிவேட்டுக்கும் பங்கு உண்டு. எந்த ஆண்டில், எந்த விமானம், எங்கே மறைந்தது என்ற கணக்குச் சரிவர இல்லாதிருந்தால் இரண்டாவது காரணத்தைச் சொல்லவே இயன்றிராது. 'இல்லை' என்று உறுதியாகச் சொல்வதற்கு, உள்ளவை அனைத்தும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

கடலைப் போலவே பனியும் மறைக்கும். 1968 பிப்ரவரி 7-இல் சண்டிகரிலிருந்து லே நகருக்குப் புறப்பட்ட பி.எல்.534 என்னும் அன்தோனவ்-12 விமானம் 102 பேருடன் இமயமலையில் மறைந்தது. 2003-இல் மலையேறுவோர் அதன் சிதைவுகளைக் கண்டனர். 2024 செப்டம்பரில் மேலும் நால்வர் உடல்கள் மீட்கப்பட்டு, 56 ஆண்டுகளுக்குப் பின் தத்தம் ஊர்களுக்குச் சென்றன. ஆனால் 1986 மார்ச் 25-இல் சோவியத் நாட்டிலிருந்து மஸ்கட் வழியாக வந்துகொண்டிருந்த அன்தோனவ்-32 ஒன்று அரபிக் கடலில் மறைந்தது. அதன் தடயம் கிடைக்கவில்லை. அவ்வெண்ணுக்கு நேரே உள்ள கட்டம் நிரப்பப்படாமலே இருக்கிறது.

இவற்றைக் கேட்டு, விமானத்தளத்தின் வேலியருகே நின்று எண் குறிக்க வேண்டும் என்ற ஆர்வம் இளைஞருக்கு எழலாம். அங்கே எல்லை அறிந்து நடக்க வேண்டும். 2001 நவம்பரில், கிரேக்க நாட்டின் கலமாட்டா நகரில் படை விமானங்களின் எண்களைக் குறித்த பிரிட்டிஷார் பன்னிருவரும் டச்சுக்காரர் இருவரும் ஒற்றர் என்று கைது செய்யப்பட்டனர். 2002 ஏப்ரலில் தண்டனை விதிக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில்தான் மேல்முறையீட்டில் விடுதலை பெற்றனர். நம் நாட்டிலும் 1923-ஆம் ஆண்டின் இரகசியக் காப்புச் சட்டம் நடைமுறையில் உள்ளது. தடை செய்யப்பட்ட இடங்களைப் படம் எடுப்பதும், இன்ன விமானம் இன்று இங்கிருந்து அங்கே சென்றது என்று பரப்புவதும் குற்றமாகலாம். அதனினும், அவ்விமானத்தில் இருப்போரின் உயிருக்கு ஊறாகலாம். உச்சிப்புளியில் 'பருந்து' என்று தமிழ்ப்பெயர் தாங்கிய கடற்படை விமானத்தளத்திலிருந்து புறப்படுபவை, நம் ஆறுமுகநேரி உப்பளங்களுக்கு மேலே செல்வதைக் காணும்போது வணக்கத்தோடு நோக்குவது போதும். பணியிலிருப்பவற்றின் கணக்கைப் படையினரே வைத்திருக்கின்றனர்.

மாணவர்க்கு உரிய வேலை வேறு. பொருட்காட்சிசாலையிலும், கல்லூரி வளாகத்திலும், ஊர்ப் பூங்காவிலும் பீடத்தின் மேல் நிற்கும் பழைய விமானங்கள் நம் நாட்டில் பல உண்டு. வெயிலும் மழையும் பட்டு எண் அழிந்தவை சில. புது வண்ணம் பூசும்போது எண் தவறாக எழுதப்பட்டவை சில. அவற்றைக் காணும்போது இனம், எண், நிற்கும் இடம், கண்ட நாள் ஆகிய நான்கையும் ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். அவ்விமானத்தைச் செப்பனிட்ட முதியவர் எவரேனும் அருகில் வாழ்ந்தால், அவர் கூறுவதையும் கேட்டெழுதுங்கள். நம் மாவட்டத்துக் கயத்தாற்றில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று உண்டு. அதைப் பற்றி ஊர்ப் பெரியோர் சொல்லக் கேட்டவற்றைத் திரட்டுவதும் இத்தகைய பணியே.

எழுதும்போது கண்டதைக் கண்டதாகவும், கேட்டதைக் கேட்டதாகவும் பிரித்து எழுதுங்கள். ஐயமுள்ள எண்ணுக்கு அருகே ஐயக்குறி இடத் தயங்காதீர்கள். நாள் குறிக்காத குறிப்பு பிற்காலத்தார்க்குப் பாதிப் பயனே தரும். இன்று ஒரு மாணவன் எழுதும் ஒரு வரி எந்நாளில், எவருக்கு விடையாக அமையும் என்பதை இன்றே அறிய இயலாது. விடைக்காகக் காத்திருப்போர் உளர் என்பது மட்டும் உறுதி.